இடைவெளிகள் உட்பட

ஆயிரத்து ஐந்நூறு எழுத்துகளுக்குள்
தான் யார் என்று மகள் சொல்லியாக வேண்டும்.
'இடைவெளிகள் உட்பட' என்று
கீழே பொடியாய்ப் போட்டிருக்கிறது.
'கடல்' என்று எழுதுகிறாள், அழிக்கிறாள்,
'கடலின் உப்பு' என்று எழுதுகிறாள்.
மூலையில் எண் குறைகிறது.
பள்ளி கான்டீனில் முந்நூறு தட்டு பரிமாறிவிட்டு
வலைத்தொப்பி அழுந்திய நெற்றியைத் தேய்த்தபடி
பின்னால் நிற்கிறேன்.
ஒரு காற்புள்ளியை எடுத்துவிடேன் என்றேன்.
முறைத்தாள்.

அது மார்ச்.

ஜூனில் வரிசை வந்தது.
பிரெஸ்ட், கடல் அறிவியல்:
காத்திருப்போரில் 214.
சேன்-ஆந்த்ரேயில் எங்கள் அடுப்படிக் கடிகாரம்
பாரிஸுக்கு இரண்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது.
அவர்கள் எழுந்திருப்பதற்குள் என் காபி ஆறிவிடும்.
206.
206.
171.
லீலிலோ நாந்திலோ
முகம் தெரியாத பிள்ளை ஒன்று
வேண்டாம் என்று பொத்தானை அமுக்க
இங்கே கரும்புக்காட்டோரம்
நாங்கள் ஓரடி முன்னால் நகர்கிறோம்.
அந்தப் பிள்ளை எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும்.

பிறகு உதவித்தொகைப் படிவம்.
குடும்பப் பெயர்: வீராப்பின்.
வீரப்பன் என்று வந்தவரை
எந்தக் குமாஸ்தாவோ அப்படி எழுதிக்கொண்டான்.
மிஞ்சியது வீராப்பு மட்டும்.
பூஜ்யத்திலிருந்து ஏழு வரை படிகள்,
ஏழைக்குத்தான் ஏழாம் படி.
எங்களை ஒன்றில் நிறுத்தியிருந்தார்கள்.
அவர்கள் பார்ப்பது இந்த வருஷச் சம்பளத்தை அல்ல,
போன வருஷத்துக்கும் முந்தின வருஷத்தை.
அந்த வருஷம் ழான்-நோயல் இங்கே இருந்தார்.
சாலை வேலையில் ராச்சம்பளம் வேறு.
அந்த வருஷம்தான் ஃபிரிட்ஜ் வாங்கினோம்.
காகிதத்தில் அவர் இன்னும்
எங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்,
மறுசோறு கேட்கிறார்.

போன் போட்டேன்.
சூழ்நிலை மாறியதற்கு அத்தாட்சி அனுப்புங்கள், மதாம்.
விட்டுப்போகிறவர்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டா போகிறார்?

சேன்-பியேருக்குப் பஸ் ஏறினேன்.
வழியெல்லாம் வசவுகளை அடுக்கி வைத்துக்கொண்டேன்.
கதவைத் திறந்தது அவள்.
அவர் வேலைக்குப் போயிருந்தார்.
விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்
மின்சார பில்லோடு வந்தாள்.
இரண்டு பெயரும் ஒரே வரியில் அச்சாகியிருந்தன.
நகல் எடுத்துத் தரட்டுமா என்றாள்.
கூடவே ஒரு பை சௌசௌ.
அடுக்கி வைத்ததெல்லாம்
திரும்பும் வழியில் கனத்தது;
சௌசௌவும்தான்.

அப்புறம் தூரம்.
வீட்டிலிருந்து படிக்கும் ஊர் எவ்வளவு தள்ளியோ
அதற்கும் புள்ளி உண்டென்று வாசித்துக் காட்டினாள்.
இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு இரண்டு புள்ளி.
நமக்கு?
ஒன்பதாயிரத்துச் சொச்சம், அம்மா. மூன்று.
ஒரு சமுத்திரமும் ஒரு பாலைவனமும்
இன்னும் ஒரு கடலும் சேர்ந்து
ஒரு புள்ளி.
இருவரும் சிரித்தோம்.
எனக்கு அடக்க முடியவில்லை,
ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ரெஜினின் மகன்
ரென்னிலிருந்து முதல் வருஷமே திரும்பிவிட்டான்.
அவனுடைய குளிர்க்கோட்டு எங்கள் ஆணியில் தொங்குகிறது.
போட்டுப் பார்க்கமாட்டேன் என்கிறாள்.
இடம் கிடைக்கட்டும் முதலில்.

படிவம் 'பரிசீலனையில்' என்கிறது.
வரிசை 38-ல் நான்கு நாளாய் நிற்கிறது.
நேற்று ராத்திரி அவள் தூங்கியபின்
மார்ச்சில் எழுதியதைத் திறந்து படித்தேன்.
கான்டீன் இல்லை, அப்பா இல்லை,
உப்பு இருக்கிறது,
பாறையில் ஒட்டிய ஏதோ பூச்சிக்கு ஒரு பத்தி முழுக்க இருக்கிறது.
நான் சொன்ன காற்புள்ளியை எடுத்திருக்கிறாள்.
மூலையில் எண்: 4.
நாலெழுத்து மிச்சம் வைத்தே அனுப்பியிருக்கிறாள்.

விளக்கை அணைக்கவில்லை.
காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.