நாற்பத்திரண்டாவது வரிசை

எச்செவெரி அதை அடித்தபோது
கோல் முப்பத்திரண்டு மீட்டர் தள்ளி இருந்தது.
0.03 என்று எழுதி முடித்தேன்.
வலை அசைந்தது அதற்குப் பிறகுதான்.

பைசாந்து முழுக்க ஹார்ன் சத்தம்.
இறைச்சிக்கடை ரமிரோ தராசுத் தட்டைத் தட்டிக் கேட்கிறான்:
“சுல்மா, உன் கணக்கில் எத்தனை கிராம் குறையுது?”

குறையவில்லை.
திருத்தவும் மாட்டேன்.

இதற்குமுன் அத்தனை தூரத்திலிருந்து
நாற்பத்தொரு முறை அடித்திருக்கிறான்.
விளக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது ஒன்று.
தண்டவாளம் தாண்டிப் போய்
யாருடைய நாயோ உருட்டி விளையாடியது ஒன்று.
மகள் பிறந்த வாரம்
தூக்கமில்லாத காலோடு அடித்து
கோல்கீப்பரின் மடிக்கே போனது ஒன்று.
ஊர் மறந்துவிட்டது, அவனும்தான்.
என் அட்டவணை மறக்காது:
நிமிடம், கோணம், இடது காலா வலதா,
மழையா.

ஜனவரியில் ஒப்பந்தம் முடிகிறது.
கிளப் தலைவர் கேட்பார்.
பழைய எண்ணைத்தான் சொல்வேன்.

இப்போது மணி இரண்டு.
மாத்தே ஆறிவிட்டது.
ஒலியை அணைத்துவிட்டு
அந்த நான்கு நொடியைப் பதினேழாம் முறை ஓட்டுகிறேன்,
பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி
தலையணையில் முகம் புதைத்து
கோல் என்று கத்துகிறேன்.

இதை எந்தப் பத்தியில் ஏற்றுவது?