மூன்றாம் இலக்க அறை

புளியந்தீவில் வாவியைப் பார்த்த பழைய பங்களா.
இப்போது அதன் பெயர் வில்லா லிமோனே.
பை தூக்கிய பெடியன் 'லைமன்' என்கிறான்.
திருத்தவில்லை.

பலெர்மோவில் பதினொரு வருடம்
இப்படியொரு வில்லாவில் கட்டில் விரித்தவள் நான்.
முன்வாசலால் ஒருநாளும் ஏறியதில்லை,
குசினிப் படிதான்.
இங்கே முன்வாசல்,
கண்ணாடிக் கிளாசில் தேசிக்காய்த் தண்ணி,
கை துடைக்க ஈரத்துவாய்.
துடைத்த துவாயை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடித்துக் கையிலேயே வைத்திருந்தேன்.

அறைக்குள் கண் சும்மா இருக்கவில்லை.
விரிப்பின் மூலை நாற்பத்தைந்து பாகை இல்லை.
கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் தூசி.
விரலால் வழித்துவிட்டு
கள்ளி மாதிரித் திரும்பிப் பார்த்தேன்.

இரவுச் சாப்பாட்டில் கப்பொனாத்தா,
மூவாயிரத்து இருநூறு ரூபாய்.
கத்தரிக்காய்தான்.
"புளி கொஞ்சம் காணாது மகள்" என்றேன்.
அவள் சிரித்தாள், மறுகா உப்பைக் கொண்டுவந்தாள்.

மீன் பாடும் என்று அட்டையில் அடித்திருந்தார்கள்.
விடிய விடியக் குளிரூட்டிதான் பாடியது.
கல்லடிப் பாலத்து வெளிச்சம்
தண்ணீரில் நீண்டு நீண்டு கிடந்தது.

காலையில் விரிப்பை உருவி, தலையணை உறை கழற்றி,
ஒரு மூட்டையாகக் கதவடியில் வைத்தேன்.
வருகிறவளுக்கு ஒரு குனிவு குறையட்டும்.

மேசையில் கருத்துப் படிவம்.
அறை ஒழுங்கு செய்தவர்: டிலோஜினி.
ஒரு நட்சத்திரம் குறைந்தால்
சிஞ்ஞோரா சனிக்கிழமை லீவை வெட்டுவாள், அங்கே.
இங்கே என்ன வெட்டுவார்களோ.

ஐந்தையும் நிரப்பினேன்.
தூசிதான் இப்போது இல்லையே.