ஏழடி நிழல்

ஞாயிறு முழுக்கச் சாக்கட்டியும் கையுமாக மாடியில் இருந்தேன்.
பக்கெட் மணலில் துடைப்பக் கழியை நட்டு
உச்சியில் முறத்தைக் கட்டி
மணிக்கொரு தரம் அதன் நிழலைச் சுற்றிக் கோடு போட்டேன்.
பன்னிரண்டுக்கு நிழல் கழியின் காலடியிலேயே கிடந்தது.
இரண்டுக்குக் கொஞ்சம் கிழக்கே.
நான்குக்கு எழுந்து நடந்து
நடுச்சுவரைத் தாண்டி
சபர்வால் வீட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

"காசு நம்முது, நிழல் அவங்களுக்கா?"
படிக்கட்டு இருட்டிலிருந்து கேட்டாய்.
புது மாத்திரை தொடங்கியதிலிருந்து
வெயில் உனக்கு ஆகவில்லை, கை தடித்துச் சிவந்துவிடுகிறது.
கதவு நிலை வரைதான் இப்போது உன் மாடி.
கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு
அங்கிருந்தே உத்தரவு போடுகிறாய்.

மயூர் விஹாரில் மே மாதம்.
ஹோலியிலிருந்து சபர்வால் வீட்டோடு பேச்சில்லை.
தொட்டி வழிந்ததில் அவர்கள் காயப்போட்ட மெத்தை நனைந்தது.
மோட்டாரை அணைக்க மறந்தது யார்
என்பது இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

கீர்த்தி நகரில் கடைக்காரர் பல்லாவுக்கு
குடை விரித்துக் காட்டியே தோள்வலி.
பக்கக் கம்பத்தில் தொங்குவது அழகுதான்,
ஒன்பதடி, நடுவில் கம்பம் இடிக்காது.
ஆனால் அதை நிறுத்திப் பிடிக்க நூறு கிலோ கல் வேண்டுமாம்.
வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன்.
"தண்ணித் தொட்டி இருக்கு, யானை வேற எதுக்கு?"
என்று வைத்துவிட்டார்.
வெண்கொற்றக்குடையின் குளிர்ச்சியை
அத்தனை பாடிய புலவர்களில் ஒருவர்கூட
அடிக்கல் எத்தனை கிலோ என்று சொல்லிவைக்கவில்லை.

ஆக, நடுக்கம்பம். ஏழடி. முப்பது கிலோ.
சாயம் மூன்று கோடைக்கு நிற்கும்,
நான்காவதற்குத் தான் பொறுப்பில்லை என்றார் பல்லா.
நிறம்தான் பாக்கி.
சிவப்பின் கீழே நீ காய்ச்சல்காரன்.
நீலத்தின் கீழே கிணற்றிலிருந்து எடுத்தவன்.
பச்சைக்கு நான் சிரித்தேவிட்டேன்.
என் முகம் எப்படி என்று கேட்டதற்கு
பதில் சொல்லாமல் அடுத்ததை விரிக்கச் சொன்னாய்.
கோதுமை மாவு நிறத்தில் ஒன்று.
அதன் கீழே இருவரும் அவரவராக இருந்தோம்.
உச்சியில் வாய் பிளந்திருந்தது.
"கிழிசலா?"
"காத்து போற வழி, மேடம்.
இது இல்லாத குடையை
ஆந்தி வந்த மறுநாள் யமுனையிலதான் தேடணும்."

டெம்போ வந்து சேர இரவு பதினொன்றே முக்கால்.
காலைவரை உனக்குப் பொறுக்கவில்லை.
தட்டுத்தடுமாறிக் கம்பத்தை நிறுத்தி
கைப்பிடியைச் சுற்றச் சுற்ற
அரைநிலாவை மறைத்துக்கொண்டு விரிந்தது.
"அற்பனுக்கு வாழ்வு வந்தால்" என்று நான் தொடங்க
மீதியை நீ முடிக்க
அர்த்த ராத்திரியில் குடைக்குக் கீழே
தர்பூசணி தின்று
விதைகளை இருட்டில் துப்பினோம்.

மறுநாள் நான்கு மணி.
சாக்கட்டி பொய் சொல்லியிருக்கவில்லை.
திருமதி சபர்வால் மூங்கில் மோடாவைத் தூக்கி வந்து
நம் பக்கம் பார்க்காமல் நிழலில் போட்டார்.
மடியில் தட்டு வைத்துப் பூண்டு உரிக்கத் தொடங்கினார்.

குமிழை ஒரு திருகு திருகினால்
குடை மேற்கே சாயும், நிழல் நம்மிடம் திரும்பும்.
பல்லா இரண்டு முறை செய்துகாட்டியிருந்தார்.
நீ குமிழில் கை வைத்தாய்.
எடுத்துவிட்டாய்.
நாற்காலியைச் சுவரோரம் இழுத்து
நிழலின் இந்தப் பக்கத்து மிச்சத்தில்
முழங்கையை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாய்.

வெகுநேரம் கழித்து
பூண்டைக் கேட்பதுபோல் அவர் கேட்டார்,
என்ன விலை?

ஐந்நூறு குறைத்துச் சொன்னேன்.