பதினேழு விநாடி

நேற்று என்னை அசாமில் மூழ்கடித்தார்கள்.
போன ஆடியில் மும்பை.
அதற்கு முன்னால் ஏதோ ஒரு தேசம்,
பெயர் வாயில் நுழையவில்லை,
கீழே ஓடிய எழுத்து ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருந்தது.

எல்லா ஊரிலும் அதே நைட்டி,
மேலே அதே ஈரத் துண்டு,
தலையில் அதே அஞ்சு லிட்டர் குக்கர்.
மார்பளவு தண்ணீரில் நடந்து வருகிறேன்.
பின்னால் சுவரில்
நோட்டீஸ் ஒட்டாதீர் என்று
கொட்டைத் தமிழில் எழுதியிருக்கிறது.
அதை யாரும் படிப்பதில்லை.

எர்ணாவூரில் இன்று மண்டை பிளக்கும் வெயில்.
மொட்டை மாடியில் நெத்திலி காய்கிறது,
காக்கா விரட்ட என் கையில் குச்சி.
போன் அடிக்கிறது. மஸ்கட்டிலிருந்து கொழுந்தன்.
“இன்னா அண்ணி, தண்ணி எதுவரைக்கும் வந்துக்குது?”
குழாயில் இன்னும் வரவில்லை என்றேன்.

அந்த டிசம்பரில்
தண்ணீர் தனியாக வரவில்லை.
எண்ணெயைக் கூட்டிக்கொண்டு வந்தது.
வடிந்த பிறகு சுவரில் ஒரு கறுப்புக் கோடு,
மூன்று முறை வெள்ளையடித்தும்
உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிற கோடு.
படத்தில் எண்ணெய் தெரியாது, நாற்றம் வராது.
குக்கருக்குள் என்ன என்பதும் தெரியாது.
ஒரு சேனலில் என் தலையைச் சுற்றிச்
சிவப்பு வட்டம் போட்டு
“உள்ளே இருப்பது குழந்தையா?” என்று
கால் மணி நேரம் கேட்டார்கள்.
ரேஷன் கார்டு, சர்க்கரை மாத்திரை,
வீட்டுக்குப் பத்திரம் கிடையாது என்பதால்
பதினோரு வருஷத்துக் கரண்ட் ரசீது.

நிவாரணப் பட்டியலில் எங்கள் தெரு விட்டுப்போயிருந்தது.
எட்டு மாதம் கழித்து, நாலாவது மனுவோடு,
சாட்சிக்கு அந்தப் படத்தையே நீட்டினேன்.
மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
“இது மும்பைம்மா. எங்க ஃபேமிலி குரூப்லயே வந்துச்சு.”
நான்தான் சார் இது, மூக்குத்தியைப் பாருங்கள் என்றேன்.
பார்த்தார்.
“மும்பையிலயும் மூக்குத்தி போடுவாங்க தேசம்மா.”

குக்கர் அக்கா என்று ஸ்டிக்கர் வந்துவிட்டதாம்.
திங்கட்கிழமை காலையில்
வேலைக்குப் போகிறவர்கள் அனுப்பிக்கொள்வார்களாம்.
என் மகளுக்கே ஒருத்தி அனுப்பினாள்,
யாருடைய அம்மா என்று தெரியாமல்.
நீ என்னடி பதில் போட்டே?
“சிரிக்கிற மூஞ்சி” என்றாள்.
அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் மட்டும் யோக்கியமா?
எங்கோ ஒரு பாலம் இடிந்ததை
சோறு வடித்துக்கொண்டே நாலு குரூப்புக்குத் தள்ளினேன்.
அதில் ஓடியவர்கள் எந்த ஊரில்,
எந்த வருஷம் ஓடினார்கள் என்று
எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.
கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்தது,
அதைத்தான் கவனித்தேன்.

படம் எடுத்தவன் எதிர்மாடி சாலமோன்.
இப்போது வண்டியில் பிரியாணி கொண்டுபோய்க் கொடுக்கிறான்.
ஒருநாள் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வந்து நின்று
“அத்த அழிச்சிட்டேன்க்கா” என்றான்.
அவன் போனிலிருந்து.
பாவம், டீ போட்டுக் கொடுத்தேன்.

பதினேழாவது விநாடியில் படம் ஆடும்.
கொஞ்சம் வானம், ஒரு கேபிள் ஒயர்,
அப்புறம் அறுந்துபோகும்.
மறுபடி நான் முதலிலிருந்து நடப்பேன்.
அறுந்த இடத்தில்தான்
அவன் போனைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு
இறங்கி வந்தான்.
முதலில் குக்கரை வாங்கினான், பிறகு கையைப் பிடித்தான்.
அது எந்த ஊர்ப் படத்திலும் இல்லை.
எடுக்க வேண்டியவன் தண்ணீருக்குள் இருந்தான்.

நீச்சல் தெரியாது என்பதை
மாடி ஏறின பிறகுதான் சொன்னான்.