நெசவாளர் தெரு, 17

முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
ஒரே கதவிலக்கம்.
நெசவாளர் தெரு, 17, லில் நகரம்.
அந்தக் கதவுக்குப் பின்னால் யாரும் தூங்குவதில்லை.
மாலை ஐந்துக்குப் பூட்டிவிடுவோம்.

செவ்வாயும் வெள்ளியும் கடிதம் அடுக்குவது என் வேலை.
சம்பளமில்லை. காப்பி உண்டு, சுமார்தான்.
ஓய்வூதிய அலுவலகம், நீதிமன்றம், மருத்துவமனை,
என்றைக்கோ சீட்டு வாங்காமல் ஏறிய டிராமுக்கு
வட்டியோடு வந்துசேரும் அபராதம்.
பாலத்தடியில் நாங்கள் தேடிக் காணாத மனிதனை
அபராதம் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறது.

நனைந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டே
ஒவ்வொருவரும் கேட்பார்கள்:
"எனக்கு ஏதாவது?"
இல்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று
இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.
மரிவோன் "இன்னும் இல்லை" என்பாள்.
செட்ரிக் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தபடி
மழையைப் பற்றிப் பேசுவான்.
நான் தேடுவேன்.
இல்லையென்று தெரிந்தாலும்
வீ எழுத்துக் கட்டை முதலிலிருந்து கடைசிவரை
(வாந்தாம், வாசர், வெராக், விதால்)
ஒட்டிக்கொண்ட ஈரத்துணியைப் பிரிப்பதுபோல
ஒவ்வொன்றாய்ப் பிரித்துத் தேடுவேன்.

லூடோவிக் வாசருக்கு யாரும் எழுதுவதில்லை.
தவறாமல் வருவார்.
கவுன்ட்டர்மேல் இரண்டு கையையும் ஊன்றி
என் விரல்களையே பார்ப்பார்.
அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
விரல் நிற்குமே, ஒரு நொடி,
அதற்குத்தான் வருகிறாரோ என்று தோன்றும்.
நானே ஒன்று எழுதிப் போட்டால் என்ன என்றும்.
உறைகூட வாங்கிவிட்டேன்.
பிறகு வெட்கமாகிவிட்டது.
வாரம் இருமுறை பதிவேட்டில்
என் கையெழுத்தைப் பார்க்கிறவர் அவர்.
அந்த உறையில் கரண்ட் பில் கட்டினேன்.

மூன்று மாதம் வராதவர் பெயரை அடித்துவிட வேண்டும்.
விதி. சுவரில் ஒட்டியிருக்கிறது.
ஜனவரியில் கயேத்தான் ப்ரூவோவை அடித்தேன்.
பிப்ரவரியில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது,
பென்சிலில், குழந்தைக் கிறுக்கலில்,
தபால்தலை தலைகீழாய்.
திருப்பி அனுப்பலாமென்றால்
அனுப்பியவர் விலாசம் இல்லை.
இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில் இருக்கிறது.
மரிவோனிடம் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒரு வெள்ளி.
லூடோவிக் பெயருக்குக் கனமாய், பளபளவென்று ஓர் உறை.
"மதிப்புக்குரிய திருவாளர் வாசர்,
உங்கள் இல்லத்துக்குப் புதுப்பொலிவு..."
திரைச்சீலைக் கடை.
நாற்பது சதவீதம் தள்ளுபடி, ஞாயிறுவரை.
அவரே கடைக்குப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்தாராம்.
எப்படி உள்ளே விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

நின்ற இடத்திலேயே எல்லாப் பக்கமும் புரட்டினார்.
பின்னால் ஏழு பேர் வரிசையில்.
"நீலமா, இந்தக் கடுகு நிறமா?"
அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் யோசித்தேன்.
"ஜன்னல் எந்தப் பக்கம்?"
"மேற்கு" என்றார், தயங்காமல்.
"அப்படியானால் நீலம். மற்றது சாயங்கால வெயிலில் சோகை பிடித்துவிடும்."
"நானும் அதைத்தான் நினைத்தேன்."
தள்ளுவண்டியில் போர்வையும் பூனையுமாய்
அடுத்து நின்ற வெராக் அம்மாள்
கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு,
"உள்துணி வைத்துத் தைத்ததா என்று கேளுங்கள்,
இல்லாவிட்டால் குளிர் நிற்காது" என்றாள்.

நாலாய் மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய் இரண்டு உறை.
அதற்கடுத்த வாரம் மூன்று:
படுக்கை விரிப்பு, சமையலறை அலமாரி, தோட்டத்து நாற்காலி.
லூடோவிக் கவுன்ட்டரில் கையூன்றிப் பெருமூச்சு விட்டார்.
"ஒரு தடவை விலாசத்தைக் கொடுத்துவிட்டால் போதும்,
மனுஷனை நிம்மதியாய் இருக்க விடமாட்டார்கள்."

"எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான்" என்றேன்.