கடைசிக்கு அடுத்தது

கறுவாத்தோட்டத்தில் ஒரு கராஜ்.
சலவைக்கல் தரை, வண்டிக்கென்று தனிக் குளிரூட்டி.
விக்கிரமநாயக்க போர்வையை மெல்ல விலக்கினார்,
பிறந்த பிள்ளையைக் காட்டுகிறவர்போல.
"இரத்மலானைக் கொட்டகையில் பொருத்திய கடைசி வண்டி.
இதற்குப் பிறகு கதவைப் பூட்டிவிட்டார்கள்.
அதை ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும்."

போதுமா?
நம்பாமல் இருப்பதற்குத்தான்
எனக்கு மணித்தியாலக் கூலி.

முதுகு தரையில் பட உள்ளே நகர்ந்தேன்.
செசித் தகட்டில் 0731.
நாலு தறையாணி, நாலுக்கும் ஒரே வயது,
யாரும் கழற்றிப் பூட்டிய தடமில்லை.
பின்கண்ணாடி மூலையில் அரிசியளவு எழுத்தில்
கண்ணாடி வார்த்த மாதம். பொருந்துகிறது.
கதவின் உள்பலகையை நெம்பினால்
கடகடப்பை அடக்க யாரோ திணித்த செய்தித்தாள்:
பாதி மரண அறிவித்தல், பாதி சீனி விலை,
தேதி, கொட்டகை மூடுவதற்கு எட்டு நாள் முந்தியது.

வண்டி பொய் சொல்லவில்லை.
தனக்குத் தெரிந்தவரை சொன்னது.

கொட்டாஞ்சேனையில்
களஞ்சியம் பார்த்த அலோசியஸ் காசிச்செட்டியின் மகன்
பிஸ்கட் தகரத்திலிருந்து பேரேட்டை எடுத்தான்.
கடைசிப் பக்கம். 0731. சிவப்பு மையில் இரட்டைக் கோடு.
அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்,
தேநீரும் முடிந்துவிட்டது.
ஆனால் கூட்டல் உதைத்தது.
இஞ்சின் வரவு எழுநூற்று முப்பத்திரண்டு.
செலவு எழுநூற்று முப்பத்தொன்று.
மீதிக் கட்டத்தில் எண் இல்லை,
பென்சிலால் ஒரேயொரு 'ர'.

"ரஸீனாக இருக்கும்" என்றான் மகன், மின்விசிறியைப் பார்த்தபடி.
"மூன்று மாதச் சம்பளம் கொடுக்கவில்லையே அவர்களுக்கு.
சாவி அப்பாவிடம்தான் இருந்தது."

கொம்பனித்தெரு, பகல் பதினொன்று.
துவான் ரஸீனின் மகள் ஸஹீனா
பின்னிருக்கையில் சோற்றுப் பார்சல் அடுக்கிக்கொண்டிருந்தாள்,
கோட்டையில் நாலு கந்தோருக்கு, நாற்பத்தாறு.
வான்நீல வண்டி, ஒரு கதவு மட்டும் பச்சை.
கறிவாசம் ஏறாத இடமே இல்லை.
இலக்கத்தகடு, எப்போதோ செத்த வேறொரு வண்டியுடையது.
பொனட்டைத் தூக்கினேன்.
தகடு இருக்கவேண்டிய இடத்தில்
நாலு துளை. அவ்வளவுதான்.

"ஏதும் வில்லங்கமா?"
"இல்லை. கதவு சத்தம் போடுகிறதே, பார்க்கிறேன்."

உள்ளே கை விட்டேன்.
இங்கேயும் செய்தித்தாள், அதே திணிப்பு, அதே கை.
தேதி
கொட்டகை மூடி ஏழு மாதத்துக்குப் பின்.
மூடிய கதவுக்குள் எத்தனை இரவு,
எத்தனை பேர், எந்த விளக்கில்?
ஒருமுறை வாசித்தேன்.
மறுமுறை வாசிக்க விரித்ததும்
அப்பளம்போல் நொறுங்கி
சோற்றுப் பார்சல்களின் மேல் கொட்டியது.

அவள் ஊதித் துடைத்தாள்.
"பாருங்கள், இப்போது இன்னும் ஆடும்."

என் பையில் அன்றைய பேப்பர் இருந்தது,
குறுக்கெழுத்துக்கூட முடிக்காதது.
நாலாய் மடித்து,
முழங்கை வரை இறக்கி இறுக்கினேன்.
தட்டிப் பார்த்தாள். சத்தமில்லை.
எனக்குப் பின்னால் ஒருவன் வந்து
இந்தக் கதவைத் திறந்தால்
தேதியைப் பார்த்துத் தலையைச் சொறிவான்.
சொறியட்டும்.

விக்கிரமநாயக்கவுக்கு எழுதினேன்:
"0731, அக்கொட்டகையில் இலக்கமிடப்பட்ட வண்டிகளில் கடைசியானது."
இருமுறை வாசித்தார்.
'இலக்கமிடப்பட்ட' என்ற சொல்லை
வீதித்தடையைப்போல் மெதுவாக ஏறி இறங்கி,
சட்டம் போட அனுப்பினார்.

கூலி வந்தது. எண்ணவில்லை.
மறுநாள் பகல் கோட்டையில் நின்றபோது
பச்சைக் கதவு என்னைக் கடந்தது.
பார்சல் ஒன்று கேட்டேன்.
மீன் முடிந்துவிட்டது, முட்டைதான் இருக்கிறது என்றாள்.