ஏழு அங்குலம்

கியூர்பிப்பில் மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை
பாரம்பரியக் கட்டட அலுவலகத்திலிருந்து
இரண்டு பேர் வந்தார்கள்.
தாழ்ந்த கூரை, அகன்று நீண்ட இறவாரம்,
மறைக்காமல் விட்ட கைமரங்கள்,
அடி பருத்து மேலே சிறுக்கும் தூண்கள்,
தூணின் காலடியில் கறுத்த எரிமலைக் கல்.
ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதிக்கொண்டார்கள்.
வரைந்தவர் பெயர்?
அருணாசலம் சின்னதம்பு. ஆர்க்கிடெக்ட்.
தனக்காக அவர் வரைந்தது இது ஒன்றுதான்.

தனக்காக என்பதில் பிழையில்லை.
ஆறடி இரண்டங்குலம் அவர்.
அலமாரி அவர் கைக்கு,
சமையலறை ஜன்னல் அவர் கண்ணுக்கு.
எனக்கு அதில் வானம் மட்டும்.
பக்கத்து வீட்டு லில்லியான் கூப்பிட்டால்
குரலுக்குப் பதில் சொல்வேன்.

கலிபோர்னியாவில் படித்துவிட்டு வந்தவர்
இருக்கைகளைச் சுவரோடு சேர்த்தே கட்டினார்.
புத்தக அடுக்கு, பீங்கான் அலமாரி, எழுதும் பலகை
எல்லாம் வீட்டின் எலும்பு.
இடம் மாற்றிப் பார்க்க எனக்கு மிஞ்சியது
சார்டின் டின்கள் வந்த ஒரு மரப்பெட்டி.
உயரம் ஏழு அங்குலம்.
காலால் தள்ளித் தள்ளி
வீடு முழுக்க ஏறி இறங்கியிருக்கிறேன்.

கரோல் புயலில் ஊர் பறந்தது.
அப்புறம் எல்லோருக்கும் கான்கிரீட் வீடு வரைந்து கொடுத்தார்.
ராத்திரி மரத்துக்குள் வந்து படுத்துக்கொள்வார்.
எங்கள் மேற்குக் கூரையில் பாதி போனதை
விருந்தாளிகளிடம் சொல்ல மாட்டார்.

எண்பதில் முதுகு வளைந்தது.
ஒரு காலை, சர்க்கரை டப்பாவுக்கு நீட்டிய கை
பலகைக்கு ஒரு விரற்கடை கீழே நின்றுவிட்டது.
அண்ணாந்து பார்த்தார்,
யாரோ கட்டிய வீட்டுக்குக் குடிவந்தவர் போல.
பெட்டியைத் தள்ளி, ஏறி, எடுத்துக் கொடுத்தேன்.
டீயைக் குடித்து முடித்துவிட்டு
"இது எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது?" என்றார்.
நாற்பத்தாறு வருஷம் என்று நான் சொல்லவில்லை.
சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

இனி ஓர் ஆணி பிடுங்கவும் அனுமதி வாங்க வேண்டுமாம்.
கையெழுத்துப் போட்டேன்.
வந்தவர்களில் அந்தப் பெண், தேவீனா,
என்னைவிடக் குள்ளம்.
சமையலறை ஜன்னலின் மேல்சட்டத்துக்கு
அவள் அளவுநாடா எட்டவில்லை.
சுற்றுமுற்றும் பார்த்தாள்.
பெட்டியைக் காலால் நகர்த்திவிட்டேன்.

ஏறினாள். எண்ணைச் சொன்னாள்.
கூட வந்தவன் எழுதிக்கொண்டான்.
பெட்டியை யாரும் அளக்கவில்லை.
இறங்காமல் அங்கேயே நின்று
"அந்தப் பக்கம் லிச்சி பழுத்துக் கிடக்கிறது, மேடம்" என்றாள்.

தெரியும் என்றேன்.